லண்டன் கதவில் எந்தப் பெயரை மாட்டுவது?

கரூரில் 1926-ல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி, 2020 நவம்பர் 27 அன்று டிபிஎஸ் பேங்க் இந்தியா லிமிடெட்டோடு இணைந்தது. பலகைகள் மாறின. டிபிஎஸ் சிங்கப்பூர்க்காரர்களின் வங்கி என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் புதிய பெயரில் சிங்கப்பூர் என்ற சொல்லே கிடையாது. இருந்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இன்னொரு பக்கம், எச்எஸ்பிசி வங்கி இந்தியாவில் அனுப்பும் தாள்களின் அடியைப் பாருங்கள். ஹாங்காங்கில் பதிவானது, உறுப்பினர்களின் பொறுப்பு வரம்புக்கு உட்பட்டது என்ற பொருளில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்.

காரணம் எளிது. டிபிஎஸ் 2019 மார்ச் 1 முதல் இங்கே ஒரு தனி இந்தியக் கம்பெனி. எச்எஸ்பிசி இங்கே ஹாங்காங் கம்பெனியின் கிளை. வெளிநாட்டுக் கம்பெனி தானே நேரில் வந்து கடை விரித்தால், பெயரோடு எந்த நாட்டில் பிறந்தது என்பதையும் எழுதி மாட்டு என்கிறது சட்டம். உள்ளூரில் ஒரு பிள்ளையைப் பெற்று, அந்தப் பிள்ளை பெயரில் கடை நடத்தினால் அந்தக் கேள்வி எழாது.

இதே விதி திசை மாறி நம் ஆட்களுக்கும் பொருந்தும். 2025 ஜூலை 24 அன்று இந்தியா–பிரிட்டன் வணிக ஒப்பந்தம் கையெழுத்தானதிலிருந்து, "லண்டன்ல ஒரு ஆபீஸ் போடலாம்னு இருக்கேன், என்ன பண்ணணும்?" என்று கேட்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். திருப்பூர் பனியன், கரூர் திரைச்சீலை, கோவை பம்ப் என்று சரக்கு வேறுவேறு. கேள்வி ஒன்றுதான். கம்பெனிப் பதிவு வேலையே என் பிழைப்பு என்பதால், நான் திருப்பிக் கேட்பதும் எப்போதும் ஒன்றுதான்: கதவில் எந்தப் பெயரை மாட்டப் போகிறீர்கள்?

கேட்டதும் சிரிப்பார்கள். போர்டு கடைசியில் பார்த்துக்கொள்ளலாம், முதலில் வரி, பணம், விசா சொல்லுங்கள் என்பார்கள். ஆனால் போர்டில் எந்தப் பெயர் என்பதை முடிவுசெய்துவிட்டால், கடன் யார் தலையில், வழக்கு யார் மேல், கணக்கை யார் பார்க்கலாம் என்பதெல்லாம் தானாகவே முடிவாகிவிடும். மூன்று வழிகள் உண்டு. உங்கள் இந்தியக் கம்பெனியே கிளையாகப் போகலாம். அங்கே ஒரு துணை நிறுவனம் தொடங்கலாம். அல்லது எதையும் மாட்டாமல் அங்குள்ள ஒரு முகவர் வழியாக விற்கலாம்.

கிளை: சொந்தப் பெயர், பக்கத்தில் "இந்தியா"

பிரிட்டனில் இதற்கான சட்டம் 2006-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டமும், அதன்கீழ் வந்த 2009-ஆம் ஆண்டின் வெளிநாட்டுக் கம்பெனி விதிமுறைகளும். அங்கே ஓர் இடத்தைத் திறந்த ஒரு மாதத்துக்குள் கம்பெனிஸ் ஹவுஸ் என்ற பதிவகத்தில் பதிய வேண்டும். உங்கள் கம்பெனியின் அமைப்பு விதிகளின் சான்றிட்ட நகல், இயக்குநர்கள் விவரம், அங்கே உங்கள் சார்பில் நோட்டீஸ் வாங்கிக்கொள்ளும் ஆளின் முகவரி எல்லாம் கேட்பார்கள். பதிந்ததும் இரண்டு எண்கள் வரும். கம்பெனிக்கு எஃப்சி என்று தொடங்கும் எண், கிளைக்கு பிஆர் என்று தொடங்கும் எண். (இந்தியாவில் வெளிநாட்டுக் கம்பெனிகள் பதியும் படிவத்துக்கும் எஃப்சி-1 என்றே பெயர், வெளிநாட்டு முதலீட்டுக்கு ரிசர்வ் வங்கி கேட்கும் படிவத்துக்கும் எஃப்சி என்றுதான் பெயர். ஒரே ஃபைலில் மூன்று எஃப்சி வந்து ஜூனியர் பையன்கள் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.)

இனி போர்டு. பிரிட்டனில் தொழில் நடக்கும் ஒவ்வோர் இடத்திலும், நோட்டீஸ் வாங்கும் ஆளின் முகவரியிலும், கம்பெனியின் பெயரும் அது பதிவான நாட்டின் பெயரும் இருக்க வேண்டும். வெறும் கண்ணால் படிக்க முடிய வேண்டும். வருகிறவர் எளிதில் பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டும். எத்தனை அங்குலம், என்ன நிறம் என்றெல்லாம் சட்டம் சொல்வதில்லை. கடை முகப்பில் உங்கள் பிராண்டு பெயரை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தகட்டில் முழுப் பெயரும் "இந்தியா" என்பதும் இருந்தால் விதி நிறைவேறிவிடும். முதன்மையாக ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து தொழில் நடந்தால், அந்தத் தொழிலிடத்துக்காகப் பலகை வேண்டியதில்லை. லண்டன் ஹாரோவில் மச்சான் வீட்டு மாடி அறையில் லேப்டாப்போடு தொடங்குகிறவர்களுக்கு இது நிம்மதி.

பலர் தொடங்குவது பொது வரவேற்பறை உள்ள வாடகை அலுவலகத்தில். அங்கே சுவரில் தகடு மாட்ட இடமிருக்காது. ஒரு திரையில் பெயர்கள் மாறி மாறி ஓடும். சட்டம் இதற்கும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. ஓர் இடத்தை ஐந்து வெளிநாட்டுக் கம்பெனிகள் வரை பகிர்ந்தால் ஒவ்வொன்றின் பெயரும் நிற்காமல் தெரிய வேண்டும். ஆறு அல்லது அதற்கு மேல் போனால், ஒவ்வொரு பெயரும் 3 நிமிடத்துக்கு ஒரு தடவையாவது, தொடர்ந்து 15 வினாடி தெரிந்தால் போதும். 180 வினாடியை 15-ஆல் வகுத்துப் பாருங்கள்: ஒரு நேரத்தில் ஒரு பெயர் காட்டும் திரையில் 12 கம்பெனிக்குத்தான் இடம். பதின்மூன்றாவது ஆளைச் சேர்த்தால் ஒரே நேரத்தில் இரண்டு பெயர் காட்ட வேண்டும், இல்லையென்றால் இன்னொரு திரை வாங்க வேண்டும். வாடகை அலுவலகம் பார்க்கப் போகிறவர்களிடம் நான் சொல்வது: வரவேற்பறை சோபாவில் மூன்று நிமிடம் உட்கார்ந்து திரையைப் பாருங்கள், எத்தனை பெயர் ஓடுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எண்ணுங்கள். நிர்வாகம் எப்படி நடக்கிறது என்பது அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

தகடு எளிது. தலைவலி தாளில்தான். கடிதம், நோட்டீஸ், செக், ஆர்டர், இன்வாய்ஸ், ரசீது, இணையதளம் எல்லாவற்றிலும் கம்பெனிப் பெயர் வேண்டும். தொழில்முறைக் கடிதம், ஆர்டர் படிவம், இணையதளம் மூன்றிலும் அதற்கு மேலும் ஒரு பட்டியல் உண்டு. கிளை எங்கே பதிவானது, கிளையின் எண்; உங்களுடையது இந்தியக் கம்பெனி என்பதால் அது பதிவான நாடு, அந்த நாட்டில் எந்தப் பதிவகம், அங்கே என்ன எண், தலைமையகம் எங்கே, எந்த வகைக் கம்பெனி, பொறுப்பு வரம்புக்கு உட்பட்டதா என்று அத்தனையும். ஒரு லெட்டர்ஹெட்டின் அடியில் இதையெல்லாம் போட்டுப் பாருங்கள். நான்கு வரி பிடிக்கும்.

இங்கே ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது. எங்களிடம் வந்த ஓர் ஏற்றுமதியாளர் இந்தியாவில் அச்சிட்ட படிவத்தை அப்படியே அங்கே எடுத்துப் போனார். பதிவு எண் என்ற கட்டத்தில் நம் 21 எழுத்து சிஐஎன் இருந்தது. கிளையின் எண்ணைக் காணோம். வாங்குகிற கம்பெனியின் கணக்குப் பிரிவில் ஒரு பெண், வழக்கப்படி அந்த எண்ணைக் கம்பெனிஸ் ஹவுஸ் தேடலில் போட்டிருக்கிறார். அங்குள்ள எண்கள் 8 எழுத்து. எதுவும் வரவில்லை. புதிய சப்ளையர் பதிவை நிறுத்திவைத்துவிட்டார், அதோடு பணமும் நின்றது. யாரும் ஏமாற்றவில்லை, யாரும் வழக்குப் போடவில்லை. ஒரு வரி அச்சடிக்காததால் மூன்று வாரம் பணம் வரவில்லை, அவ்வளவுதான். சட்டத்தின் அபராதத்தைவிட இதுதான் ஆட்களைக் கடிக்கிறது.

அபராதமும் உண்டு. அங்குள்ள தர அட்டவணையில் மூன்றாம் நிலை, அதாவது 1,000 பவுண்டு வரை. தொடர்ந்தால் நாளுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு வரை. அதைவிடக் கவனிக்க வேண்டியது சிவில் பக்கம். விவரம் காட்டாத காலத்தில் போட்ட ஒப்பந்தத்தை வைத்து நீங்கள் வழக்குப் போட்டால், எதிராளி "இவர்கள் யாரென்று தெரியாததால் என் கோரிக்கையைத் தொடர முடியவில்லை" என்றோ, "அதனால் எனக்கு நஷ்டம்" என்றோ காட்டினால், வழக்கு தள்ளுபடி ஆகலாம். நீதிமன்றத்துக்கு விதிவிலக்கு தர அதிகாரம் இருக்கிறது என்றாலும், வசூல் வழக்கில் இப்படி ஓர் ஓட்டையோடு போய் நிற்பது நல்லதில்லை.

கிளையில் எனக்கு உறுத்துவது இரண்டு. ஒன்று கணக்கு. இந்தியாவில் நீங்கள் தாக்கல் செய்யும் முழுக் கம்பெனியின் நிதிக் கணக்கையும் கம்பெனிஸ் ஹவுஸிலும் தாக்கல் செய்ய வேண்டும். அது கிளையின் கணக்கு மட்டும் அல்ல, கரூர் ஃபேக்டரியின் லாப நஷ்டமும் சேர்ந்தது. உங்கள் லாப விகிதத்தை அங்குள்ள கொள்முதல் அதிகாரி டீ குடித்துக்கொண்டே இலவசமாகப் பார்ப்பார். அடுத்த பேரத்தில் அதை வைத்தே பேசுவார். இந்தியாவிலும் அது பொது ஆவணம்தான், ஆனால் அங்கிருந்து இங்கே தேடி எடுக்கிறவர்கள் குறைவு.

இரண்டாவது பொறுப்பு. கிளை என்பது தனி ஆள் கிடையாது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் உங்கள் ஷோரூமில் ஒருவர் வழுக்கி விழுந்து கால் ஒடிந்தால், அவர் வழக்குப் போடுவது உங்கள் இந்தியக் கம்பெனி மீது. நம் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின்படி பிரிட்டன் பரஸ்பர ஒப்புதல் உள்ள நாடு. அங்குள்ள உயர் நீதிமன்றத் தீர்ப்பை இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில், இங்கேயே பிறந்த தீர்ப்பைப் போல நிறைவேற்றக் கேட்கலாம். பலகையில் நீங்கள் எழுதிய "இந்தியா" என்ற அந்த ஒரு சொல், அவருக்கு எந்த ஊருக்கு டிக்கெட் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது.

பணம் அனுப்புவதில் கிளைக்கு ஒரு வசதி. கடந்த இரண்டு ஆண்டு சராசரி விற்பனையில் 15 விழுக்காடு அல்லது நிகர மதிப்பில் 25 விழுக்காடு, எது அதிகமோ அதுவரை தொடக்கச் செலவுக்கு அனுப்பலாம். தொடர் செலவுக்குச் சராசரி விற்பனையில் 10 விழுக்காடு வரை. விற்பனை பெரிதாக உள்ள ஏற்றுமதியாளருக்கு இது தாராளம்.

துணை நிறுவனம்: புதுப் பெயர், சுருக்கமான தாள்

அங்கே ஒரு லிமிடெட் கம்பெனி தொடங்க ஒரு பங்குதாரர், ஒரு இயக்குநர் போதும். அந்த இயக்குநர் அங்கே வசிக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. இந்தியாவில் 182 நாள் இங்கே தங்கிய இயக்குநர் ஒருவர் வேண்டும் என்று கேட்டுப் பழகியவர்களுக்கு இது ஆச்சரியம். ஆனால் கட்டுப்பாடே இல்லை என்று நினைக்காதீர்கள். 2024 மார்ச் 4 முதல் பதிவு அலுவலகம் தபால் பெட்டியாக இருக்கக் கூடாது. அனுப்பிய தபால் ஒருவர் கைக்குப் போய்ச் சேரும் முகவரியாக இருக்க வேண்டும். 2025 நவம்பர் 18 முதல் இயக்குநர்களின் அடையாளச் சரிபார்ப்பும் வந்துவிட்டது.

பெயர் வைப்பதில்தான் நம்மவர்கள் தடுக்கி விழுகிறார்கள். இந்தியக் கம்பெனிப் பெயரோடு "யூகே" சேர்த்தால் புதுப் பெயர் ஆகிவிட்டது என்று நினைக்கிறார்கள். பெயர் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும்போது "யூகே", "லிமிடெட்" போன்ற சொற்களைக் கணக்கில் எடுப்பதில்லை. முருகன் பெயரிலோ லட்சுமி பெயரிலோ கம்பெனி நடத்துகிறவர்கள், அதே பெயரில் அங்கே யாராவது பத்து வருஷம் முன்பே மளிகைக் கடை பதிந்து வைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். தேடல் இலவசம், ஐந்து நிமிட வேலை. கிளைக்கும் இதே தொல்லை உண்டு; பெயர் ஒத்துப்போனால் வேறொரு மாற்றுப் பெயரில் பதிய வேண்டியிருக்கும். அப்படிச் செய்தால் "சொந்தப் பெயரில் நிற்கிறோம்" என்ற கிளையின் பெருமை அங்கேயே போச்சு.

பலகையில் பெயர் மட்டும் போதும், நாடு வேண்டாம். பதிவு அலுவலகத்திலும் தொழில் நடக்கும் இடத்திலும் மாட்ட வேண்டும். கடிதம், ஆர்டர் படிவம், இணையதளத்தில் பெயரோடு மூன்று விவரங்கள்: பிரிட்டனின் எந்தப் பகுதியில் பதிவு, எண், பதிவு அலுவலக முகவரி. ஒரு வரியில் அடங்கிவிடும். இயக்குநர் பெயரைக் கடிதத்தில் போடுவதென்றால் எல்லோர் பெயரையும் போட வேண்டும். அப்பா பெயரைப் போட்டுத் தம்பி பெயரை விட முடியாது. குடும்பக் கம்பெனிகளில் இது ஒரு தனிக் கதை. நான் யார் பெயரும் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

இங்கே ஒரு சின்னக் கண்ணி. மச்சான் வீட்டு மாடி அறை தொழில் நடக்கும் இடமாக மட்டும் இருந்தால் பலகை வேண்டாம். அதே வீடு பதிவு அலுவலகமாகவும் இருந்தால், கம்பெனி தொடங்கியதிலிருந்து தூங்கிக்கொண்டிருந்தால் ஒழிய, பலகை கட்டாயம். அதனால்தான் பலர் ஆடிட்டர் அலுவலக முகவரியைப் பதிவு அலுவலகமாகக் கொடுத்துவிட்டு, அவருடைய சுவரில் ஓர் ஓரமாகத் தொங்குகிறார்கள்.

இந்தியப் பக்கம் இது வெளிநாட்டு முதலீடு. 2022 ஆகஸ்டில் வந்த விதிகளின்படி நிகர மதிப்பில் 400 விழுக்காடு வரை தனி அனுமதி இல்லாமல் போடலாம். வங்கி மூலம் படிவம் எஃப்சி கொடுத்து, தனி எண் வாங்கிய பிறகே பணம் அனுப்ப வேண்டும். அப்புறம் ஆண்டுதோறும் டிசம்பர் 31-க்குள் செயல்பாட்டு அறிக்கை. முதல் ஆண்டு எல்லோரும் ஒழுங்காகக் கொடுப்பார்கள். மூன்றாம் ஆண்டில் மறந்துவிட்டு, அடுத்த தவணைப் பணம் அனுப்பப் போகும்போது வங்கி கேட்கும். அப்போது எங்கள் ஆபீஸுக்கு ஓடி வருவார்கள்.

லெஸ்டரில் வழுக்கி விழுந்தவர் இப்போது லெஸ்டர் கம்பெனி மீதுதான் வழக்குப் போடுவார். இந்தச் சுவருக்காகத்தான் பெரும்பாலானோர் துணை நிறுவனம் தேர்ந்தெடுக்கிறார்கள், சரியான காரணம்தான். ஆனால் சுவர் எவ்வளவு கனம் என்பதைக் கொஞ்சம் தட்டிப் பாருங்கள். நேற்றுப் பிறந்த கம்பெனிக்குக் கட்டட உரிமையாளர் ஐந்து வருடக் குத்தகை சும்மா தருவாரா? தாய்க் கம்பெனியின் உத்தரவாதம் கேட்பார். வங்கியும் கேட்கும். இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டால், பலகையில் இல்லாத "இந்தியா" குத்தகைப் பத்திரத்தில் வந்து உட்கார்ந்துவிடும். கால் ஒடிந்தவரிடமிருந்து சுவர் காக்கும். கட்டட உரிமையாளரிடமிருந்து காக்காது.

துணை நிறுவனத்தின் இன்னொரு குறை பெரிய ஒப்பந்தங்களில் தெரியும். டெண்டர் போடும்போது மூன்று ஆண்டுக் கணக்கு, முன்பு செய்த வேலைகள் என்று கேட்பார்கள். முப்பது வருஷ ஃபேக்டரி உங்களுடையது. ஆனால் டெண்டரில் கையெழுத்துப் போடுவது ஆறு மாதக் கம்பெனி.

முகவர்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அங்குள்ள ஒருவர் உங்களிடம் வாங்கி, அவர் பெயரில் விற்கிறார். அவர் கதவில் அவர் பெயர். உங்கள் பெயர் அட்டைப்பெட்டியோடு சரி. பதிவு, பலகை, தாக்கல் எதுவும் இல்லை. வாடிக்கையாளர் யார் என்பதும் உங்களுக்குத் தெரியாது. ஆண்டுக்கு நாலு கன்டெய்னர்கூடப் போகாத நிலையில் ஆபீஸ் போட வேண்டும் என்று துடிக்கிறவர்களை நான் இந்தப் பக்கம்தான் தள்ளிவிடுவேன். ஒன்று மட்டும்: உங்கள் ஆள் ஒருவர் முகவரின் கிடங்கில் நிரந்தரமாக மேசை போட்டு உட்கார்ந்து ஆர்டர் எடுக்கத் தொடங்கினால், பலகை இல்லாமலே கிளை முளைத்துவிடக்கூடும், வரித் துறையும் அதைக் கேட்கும்.

இரண்டையும் வைத்திருக்கும் ஒரு வங்கி

கிளையா துணை நிறுவனமா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது என்பதற்குப் பாரத ஸ்டேட் வங்கியைப் பாருங்கள். பிரிட்டனில் அது பல காலம் கிளையாகவே நடந்தது. 2018 ஏப்ரல் 1 முதல் பொதுமக்கள் வைப்பு, கடன் போன்ற சில்லறைப் பிரிவை ஸ்டேட் பேங்க் ஆஃப் இந்தியா (யூகே) லிமிடெட் என்ற தனிக் கம்பெனிக்கு மாற்றிவிட்டது. பெருநிறுவனக் கடன் போன்ற மொத்தப் பிரிவு லண்டன் கிளையிலேயே தங்கியது. சேமிப்பு வைக்கும் சாதாரண மனிதருக்கு, பணம் அந்த நாட்டுச் சட்டத்துக்கும் அந்த நாட்டு மேற்பார்வைக்கும் உட்பட்ட தனிக் கம்பெனியில் இருப்பது நல்லது. பல கோடி பவுண்டு கடன் வாங்கும் கம்பெனிக்கோ மும்பைத் தலைமையகத்தின் முழு எடையும் பின்னால் இருப்பதுதான் வேண்டும்.

நம் ஏற்றுமதியாளர்களுக்கும் இதே அளவுகோலைத்தான் வைக்கிறேன். எதிரில் உள்ளவர் உங்கள் பெயரை எதற்காகப் பார்க்கிறார்? சரக்கு வாங்கி, பில்லைச் சரிபார்த்து, பணம் கொடுக்கிறவருக்கு உள்ளூர் எண் கொண்ட, ஒரு வரியில் அடங்கும் கம்பெனி போதும். அதுதான் அவருக்கு வசதி. பத்து வருஷம் பம்ப் ஓடுமா, உதிரி பாகம் கிடைக்குமா என்று பார்க்கிறவருக்கு ஃபேக்டரியின் பெயர் வேண்டும்.

மற்ற ஊர்களில்

சிங்கப்பூரை யோசிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே கிளை போட்டால் பெயரும் பதிவான நாடும் இடத்தின் வெளிப்பக்கத்தில் தெரிய வேண்டும். பிரிட்டன் போல உள்ளே கல்லா ஓரமாக வைத்துச் சமாளிக்க முடியாது. அங்கே வசிக்கும் ஒரு பிரதிநிதியும் வேண்டும். கம்பெனிச் சட்டத்தின் 375-வது பிரிவில் இன்னொரு சுவாரசியம்: ரோமன் எழுத்தல்லாத வேறு எழுத்தில் பெயரை எழுதினால், ரோமன் எழுத்திலும் எழுத வேண்டும், அது மற்றதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. ஆனாலும் இந்தியக் கம்பெனி ஒன்று சிராங்கூன் சாலையில் கிளை திறந்து, பெயரைத் தமிழில் இரண்டடி உயரத்துக்கு எழுதினால், பக்கத்தில் ரோமனிலும் இரண்டடி எழுத வேண்டும்.

சென்னை இதற்கு நேரெதிர். இந்தியச் சட்டத்தின் 382-வது பிரிவு, வெளிநாட்டுக் கம்பெனி தன் பெயரையும் நாட்டையும் ஆங்கிலத்தோடு, அந்த இடத்தில் புழங்கும் மொழியின் எழுத்திலும் வெளியே காட்ட வேண்டும் என்கிறது. கொரியக் கம்பெனியின் கிளை ஸ்ரீபெரும்புதூரில் இருந்தால் தமிழில் எழுத வேண்டும். துணை நிறுவனமாகப் பதிந்து தப்பிக்கலாமா என்றால், இந்தியக் கம்பெனிக்கான 12-வது பிரிவும் உள்ளூர் எழுத்தைக் கேட்கிறது. அதற்கு மேல் தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் விதி தமிழ், ஆங்கிலம், பிற மொழி என்று 5:3:2 விகிதம் வைத்திருக்கிறது. பலகை விதியை மதிக்காத வெளிநாட்டுக் கம்பெனி போட்ட ஒப்பந்தம் செல்லும். ஆனால் விதியை நிறைவேற்றும்வரை அதை வைத்து இங்கே வழக்குப் போட முடியாது. பிரிட்டனில் எதிராளிக்கு ஏற்பட்ட பாதிப்பைப் பார்ப்பார்கள், இங்கே வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள்.

இவை எல்லாம் ஒரே தாயின் பிள்ளைகள். வரம்புக்குட்பட்ட பொறுப்பு என்ற சலுகை கொடுத்தபோதே, பெயரை வெளியே எழுதி மாட்டு என்று 1855-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வரம்புக்குட்பட்ட பொறுப்புச் சட்டம் சொன்னது. கடன் கொடுக்கிறவன் யாரிடம் கொடுக்கிறான், எதுவரை வசூலிக்கலாம் என்று படி ஏறும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது எண்ணம். அதை வெளிநாட்டுக் கம்பெனிக்கு நீட்டும்போது நாட்டின் பெயரும் சேர்ந்துகொண்டது.

சரி, என்ன செய்யலாம்?

துணி, உணவுப்பொருள், வீட்டு உபயோகப் பொருள் என்று கடைகளுக்குப் பில் போட்டு விற்கிறவர்களுக்கு என் ஓட்டு துணை நிறுவனத்துக்கு. அங்குள்ள ஆடிட்டர் கட்டணத்தைத் தாங்கும் அளவுக்கு ஆர்டர் வரும்வரை முகவர் போதும். இயந்திரம், பொறியியல் ஒப்பந்தம், வாடிக்கையாளர் தாய்க் கம்பெனியோடு நேரடியாகவே ஒப்பந்தம் போட வேண்டும் என்று அடம்பிடிக்கும் சேவை வேலைகளுக்குக் கிளை. அப்படிக் கிளை போடுகிறவர்கள் பொறுப்புக் காப்பீட்டில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். துணை நிறுவனத்தின் சுவர் உங்களுக்கு இல்லை.

"முதலில் கிளை போட்டுப் பார்ப்போம், ஓடினால் பிறகு துணை நிறுவனமாக மாற்றுவோம்" என்பது பலருக்கு ஆசை. கேட்க நன்றாக இருக்கிறது. மாற்றும்போது தகடு மாற்றுவது அரை மணி நேர வேலை. குத்தகை, ஆள் நியமனம், வாட் எண், வங்கிக் கணக்கு, ஒவ்வொரு வாடிக்கையாளரின் சப்ளையர் பதிவு எல்லாவற்றையும் ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்கு நகர்த்த ஒரு வருடம் போகும். அந்த ஒரு வருடமும் பழைய பெயரில் ஒரு பில், புதிய பெயரில் ஒரு பில் என்று கலந்து வரும். அதில் எந்தக் கம்பெனிக்கு எந்தப் பணம் என்று பிரிப்பது ஆடிட்டருக்குத்தான் லாபம்.

கிளைதான் என்று முடிவாகிவிட்டால், தகட்டுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் எழுத்தை என்னிடம் ஒருமுறை காட்டுங்கள் என்று சொல்வது வழக்கம். பதிவில் "பிரைவேட் லிமிடெட்" என்று முழுதாக இருக்கும், தகட்டில் "பி. லிட்." என்று சுருக்கி வருவார்கள். அதைத் திருத்திப் பதிவில் உள்ளபடி முழுப் பெயர் முதல் வரி, அதன் கீழே "இந்தியாவில் பதிவானது" என்று அங்கே ஆங்கிலத்தில் ஒரு வரி, இரண்டும் ஒரே அளவு எழுத்தில். லோகோ வேண்டுமா என்று கேட்டால், அதை வாசலில் வேறு பலகையில் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.